பத்து மணிக் கையெழுத்து

நவம்பர் 4, செவ்வாய்

இன்று இரண்டாவது கையெழுத்து. ஜாமீன் கொடுத்த கோர்ட், கோயமுத்தூர்ப் பக்கம் தலைகாட்டக் கூடாது, குன்னூரில் தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டது. கூட ஆட்கள் யாரும் வரக் கூடாதாம். மறு உத்தரவு வரும்வரை இதுதான் பிழைப்பு. குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவில் ஒரு வீடு பிடித்துக் கொடுத்தது பிரசாத். பதினாறு வருஷமாக என்னோடு இருக்கிறவன். நான் உள்ளே இருந்த ஏழு மாதமும் தொழிலை அவன்தான் பார்த்துக்கொண்டான்.

ஸ்டேஷன் ரைட்டர் ஆறுக்குட்டி நோட்டை விரித்துவிட்டு எழுந்து நின்றுகொள்கிறார். "நீங்க உக்காந்து போடுங்கண்ணா" என்கிறார். போலீஸ்காரர் என் முன்னால் நிற்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே கட்டி வைத்திருக்கும் பேனா எழுதவில்லை. நாளை முதல் சொந்தப் பேனா கொண்டுபோக வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

யாரிடமும் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

இருபத்திரண்டு வருஷமாக நான் தெருவில் இறங்கினால் கடை ஷட்டர் பாதி இறங்கும். கட்டப்பஞ்சாயத்தில் நான் தொண்டையைச் செருமினால் நிலத்தை எழுதிக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட வேலாமணியான எனக்கு, மார்க்கெட்டில் காரை விட்டு இறங்கி ஸ்டேஷன் வாசல்வரை நடப்பதற்குள், இந்தக் குளிரில், முதுகெல்லாம் வியர்த்துப் போகிறது.

காரணம் எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடுகிறவனை யாரும் தேடி அலைய வேண்டாம். ஊர் தெரியும், நேரம் தெரியும், வாசல் தெரியும். ஆறுமுகசாமியை நாங்கள் அப்படித்தான் முடித்தோம். என் கூட்டாளியாக இருந்து பிரிந்து போனவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கீழே ஒரு ஊரில், ஜாமீனில் வந்திருந்த அவனுடைய பதினோராவது கையெழுத்தன்று. எந்தத் தெரு வழியாக வருகிறான் என்று எனக்குப் போன் போட்டுச் சொன்னது அந்த ஸ்டேஷன் ரைட்டர். மூன்று பையன்கள் உள்ளே போய்ச் சாட்சி இல்லாமல் வெளியே வந்தார்கள். என் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

என்னுடைய பதினோராவது நாள் அடுத்த வியாழக்கிழமை. காலண்டரைப் பார்த்திருக்க வேண்டாம்.

நவம்பர் 8, சனி

மூடுபனி. வளைவில் கறுப்பாக ஏதோ நின்றது. "நிறுத்துடா" என்று சொல்லிவிட்டு சீட்டுக்கு அடியில் குனிந்துவிட்டேன். காட்டெருமை. தேயிலைக்குள்ளிருந்து இறங்கி வந்து நடுரோட்டில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. வாடகைக் கார் டிரைவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாட்டைப் பார்த்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பிரசாத் பேசினான். "அண்ணா, ஆறுமுகசாமி பையன் யுவன் மேட்டுப்பாளையத்துல குன்னூர் பஸ் ஏறுனானாமா. உங்குளுக்குத் தெரியட்டும்னு சொன்னனுங்க."

அப்பன் செத்தபோது அவனுக்குப் பதிமூன்று வயது. இப்போது இருபத்திரண்டு இருக்கும். தூரத்தில் நிற்க ரெண்டு பேரையாவது அனுப்பு என்றேன். "பாக்கறனுங்கண்ணா" என்றான். முன்னெல்லாம் "அனுப்பியாச்சுங்க" என்றுதான் சொல்வான்.

நவம்பர் 12, புதன்

பார்த்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு எதிரே பேக்கரியில் நின்று வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். அப்பனுடைய அதே நெற்றி. தோளில் துணிப் பை. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். பைக்குள் என்ன? நாங்களும் இப்படித்தான் ஓர் ஆளை நிறுத்தி மூன்று நாள் பார்த்தோம்.

நாளைக்குப் பதினொண்ணு. என்னால முடியாது. போகவே முடியாது.

நவம்பர் 13, வியாழன்

போகவில்லை. கதவைத் தாழ்போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மனைவி ராஜப்ரியா போனில் கேட்டாள்: "ஏனுங்க, கையெழுத்துப் போட்டாச்சுங்களா?" போட்டாச்சு என்றேன். அவளிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். பயத்தில் சொன்னது இதுதான் முதல்.

நவம்பர் 14, வெள்ளி

இன்றும் போகவில்லை. ஒரு யோசனை தோன்றியது. தொடர்ந்து போகாவிட்டால் கோர்ட்டுக்கு எழுதுவார்கள். ஜாமீன் ரத்தாகும். பிடித்து உள்ளே போடுவார்கள். உள்ளே நாலு சுவர் இருக்கிறது, காவல் இருக்கிறது.

வெளியே வர ஏழு மாதம் எத்தனை பேர் காலைப் பிடித்தேன். இப்போது உள்ளே போக ஏங்குகிறேன். சிரிப்பு வருகிறது. சிரிக்கத்தான் முடியவில்லை.

நவம்பர் 17, திங்கள்

நாலு நாள் ஆகியும் என்னைப் பிடிக்க ஒரு போலீஸ்காரர்கூட வரவில்லை. நானே போனேன். ஆறுக்குட்டி நோட்டைத் திறந்தார். என் பெயருக்கு நேரே நாலு கட்டம் காலி.

"உங்குளுக்கு ஒடம்புக்குச் சொகமில்லையாட்ட இருக்குதுன்னு உட்டு வெச்சிருக்கறனுங்கண்ணா. சேத்துப் போட்டுருங்க."

"ஆப்சென்ட் போடுங்க. கோர்ட்டுக்கு எழுதிருங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் என்னுங்க தப்புப் பண்ணுனேன்? எனக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்கண்ணா."

நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் இன்னும் நடுங்கினார். வேலாமணி சத்தம் போட்டால் பயமில்லை, மெதுவாகப் பேசினால்தான் ஆபத்து என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பரப்பச் சொன்னவனே நான்தான். கடைசியில் அவர் என் பேனாவின் மூடியைக் கழற்றி என் விரலுக்கு நடுவில் வைத்தார். பரிதாபமாக இருந்தது. இன்றையதோடு சேர்த்து ஐந்து கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தால் எதிரில் யுவன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டில் ஒரு காலை வைத்தான். நான் ஓடினேன். அம்பத்தி நாலு வயசுல, மார்க்கெட்டுக்குள்ள, ஒத்தச் செருப்போட ஓடுனேன். எத்தனை பேர் பாத்தாங்களோ.

நவம்பர் 18, செவ்வாய்

வக்கீலிடம் கேட்டேன். "ஜாமீன் ரத்தானாலும் ரெண்டு மாசத்துல திரும்ப வெளிய உட்டுருவாங்க. அப்பவும் எங்கியாச்சும் கையெழுத்துத்தானுங்க" என்றார்.

பிரசாத் போனை எடுக்கவில்லை. ஆறு முறை அடித்தேன்.

வெளியே விட முடியாத அளவுக்குப் பெரிய கேஸ் வேண்டும். அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது. சொல்வதா?

நவம்பர் 20, வியாழன்

மாஜிஸ்திரேட் ஒரு கண்ணாடி போட்ட அம்மா. நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "காதுல விழலை. சத்தமாச் சொல்லுங்க" என்றார். என்னிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

ஆறுமுகசாமியை வெட்டச் சொன்னது நான் என்று சத்தமாகச் சொன்னேன்.

மனசாட்சி உறுத்தியதால் வந்தார் என்று வக்கீல் காகிதத்தில் எழுதிக்கொண்டார். மனசாட்சி இல்லை, பயம். இந்த நோட்டில் பொய் எழுத மாட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஜெயில். தூக்கம் வருகிறது. பிரசாத் எட்டிப் பார்க்கவில்லை.

இன்று என்னைப் பார்க்க மனுப் போட்டு வந்தது யுவன். நடுவில் கம்பிவலை இருந்தும் நான் ஓரடி பின்னால் போனேன். அதே துணிப் பை. அதற்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து வலையில் வைத்துக் காட்டினான். பழைய ஸ்டேஷன் நோட்டின் ஜெராக்ஸ். ஆறுமுகசாமியின் பெயருக்கு நேரே பத்துக் கையெழுத்து. பதினோராவது கட்டத்தில் 'ஆப்சென்ட்'.

"கையெழுத்துப் போடாம பயந்து ஓடறப்பத்தான் வெட்டுனாங்கன்னு ஊரே சொல்லுதுங்க. எங்கம்மாவும் அதையே நம்பிட்டாங்க. உங்ககிட்டக் கேக்கலாம்னு குன்னூருக்கு வந்து வந்து நின்னேன். பயத்துல ரோட்டத் தாண்ட முடியலீங்க. எங்கப்பா அன்னிக்குக் கையெழுத்துப் போடத்தான் போனாருங்களா?"

ஓடினான் என்று ஊரில் கிளப்பிவிட்டதும் நாங்கள்தான். ஆனால் நடந்ததைப் பையன்கள் அன்றே எனக்கு ஒன்றுவிடாமல் சொன்னார்கள்.

"போடத்தான் போனான், தம்பி" என்றேன். "பத்து நிமிசம் முன்னாடியே வந்துட்டான். ஸ்டேஷன் வாசலுக்கு எதுத்தாப்பலதான் நடந்துச்சு. பாக்கெட்டுல சொந்தப் பேனா வெச்சிருந்தான்."

அவன் அந்தத் தாளைத் திருப்பி, காலியாக இருந்த பின்பக்கத்தைப் பார்த்தான். பிறகு, "அதை எழுதிக் குடுப்பீங்களா? எங்கம்மாகிட்டக் காட்டோணும்" என்றான். வார்டரிடம் கேட்டு, அந்த ஜெராக்ஸின் பின்பக்கமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆறுமுகசாமிக்கும் பயம் இருந்திருக்கும். நான் எப்படிப்பட்டவன் என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். பதினோராவது நாள் நான் தாழ்போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவன் போயிருக்கிறான், அதுவும் பத்து நிமிஷம் முன்னதாக.