விரதத்துக்கு வெட்டிய இளநீர்

மச்சான்,

கோவிலுக்கென்று புகை போட்டுப் பழுக்கவைத்த கதலிக் குலைகளை இன்று காலை என் லாண்ட்மாஸ்டர் உழவுவண்டிப் பெட்டியில் ஏற்றினேன். புகையும் பழமும் கலந்த அந்த வாசம் என்னைப் பிடித்துக்கொண்டது. நீர்வேலியிலிருந்து யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தைக்கு வருடக்கணக்காகக் குலை ஏற்றுகிறவனுக்குக் கதலி வாசம் புதிதா என்று நீ கேட்பாய். சந்தைக்குப் போகும் கதலி என்னை ஒன்றும் செய்வதில்லை. கந்தசஷ்டிக்குப் போகும் கதலியில்தான் உன் ஞாபகம் இருக்கிறது. குலைகளைக் கயிற்றால் கட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

நீயில்லாத முதல் சஷ்டி இது. கோவில் வழமைபோல இருக்கிறது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதே ஒலிபெருக்கி, அதே வெள்ளை வேட்டிகள். மண்டபத்தில் நீ படுக்கும் தூணடியில் வேறு யாரோ பாய் விரித்திருக்கிறார்கள்.

விரத விஷயத்தில் நீயும் நானும் இரண்டு துருவம். நீ மீசை அரும்பிய காலத்திலிருந்து சஷ்டிக்குக் காப்புக் கட்டுகிறவன். நான் முதல் நாள் மத்தியானமே கடைப்பக்கம் கால் நீளுகிறவன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாலும் நீ கண்டுபிடித்துவிடுவாய். “உனக்கு வயிறுதானடா சாமி, அதுக்கு மூண்டு நேரப் பூசை,” என்று மண்டபம் கேட்கச் சொல்லுவாய். சண்டைக்குப் பயந்து ஊரோடு ஓடித் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தபோதுகூட நீ விரதத்தை விடவில்லை. உனக்குக் கொடுத்த சோற்றுப் பார்சலை என் மடியில் வைத்துவிட்டு, “என்ரை பங்கையும் நீ தின், என்ரை பசியை முருகன் பாத்துக்கொள்ளுவான்,” என்றாய். நான் வெட்கமில்லாமல் தின்றேன். பசி அப்படி.

பிறகு உனக்குச் சீனி வருத்தம் வந்தது. அது உன் குடும்பத்துச் சொத்து. உன் அப்பாவுக்கு இருந்தது, பெரியண்ணைக்கும் இருந்தது. அதன் பின்னால் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியது. கிளினிக்கில் உப்பைக் குறை, இறைச்சி மீனைக் குறை, பழம் இளநீர் கவனம் என்றெல்லாம் சொல்லி அனுப்பினார்கள். வரும் வழியில் என் லாண்ட்மாஸ்டரில் குந்திக்கொண்டு நீ சிரித்தாய்.

“உப்புக் கூடாதாம், மீன் கூடாதாம். உதுதானே மச்சான் நான் சஷ்டிக்குச் செய்யிறது? டொக்டரும் முருகனும் ஒண்டைத்தானே சொல்லினம்.”

“பழமும் இளநீரும் கவனம் எண்டவையெல்லே?”

“அது சீனிக்கடா. சீனி கட்டுப்பாட்டிலை கிடந்தால் ஏன் பயப்பிடுவான்?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாருக்குத்தான் படாது? பழம் இனிக்கிறது, இனிப்பு சீனிக்காரருக்கு ஆகாது. இந்த மண்ணில் எல்லோரும் அறிந்த கணக்கு அது. அதற்கு மேல் இன்னொரு கணக்கு இருக்கும் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

நீ போன சஷ்டிக்கு முந்திய சஷ்டியில் ஒரு பெண் புராணப் படிப்பின் நடுவே மயங்கி விழுந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கோவில் சபை பயந்துபோனது. சீனி, பிரஷர் உள்ள வருத்தக்காரர் விரதத்தை விடப்போவதில்லை, விடச் சொல்லவும் ஒருவருக்கும் வாய் வராது. ஆனபடியால் பாதுகாப்பாகப் பிடிக்கட்டும் என்று தீர்மானித்தார்கள். நல்ல எண்ணம்தான், மச்சான். நான் இன்றைக்கும் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரித் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற மிஸி காலையும் மாலையும் வந்து பிரஷரும் சீனியும் பார்ப்பா. வருத்தக்காரர் வெறுந்தண்ணீரோடு கிடக்கக் கூடாது. பால், பழம், இளநீர் தாராளமாக எடுக்கலாம், அதில் விரதபங்கம் இல்லை என்று குருக்களே ஒலிபெருக்கியில் சொன்னார். ஊர் ஆறுதலாக மூச்சு விட்டது.

வாழைக்கும் தென்னைக்கும் பஞ்சமில்லாத ஊரில் உன்னைப்போல ஒருவன் விரதம் பிடித்தால் கேட்கவா வேண்டும்? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் உனக்குச் சீப்புச் சீப்பாகப் பழம் வந்தது. உன் மனைவி மலர் தன் கையாலேயே உங்கள் கிணற்றடி மரத்து இளநீரை வெட்டிக்கொண்டு வந்து மண்டபத்து வாசலில் நின்றாள். நீ சூரன் உருவத்தைத் தூக்குகிறவன் அல்லவா? சூரன் போரன்று சூரனுடைய முன்தடி உன் தோளில் ஏறாவிட்டால் எங்கள் வீதியில் சூரன் ஆடமாட்டான். உனக்குத் தெம்பு வேண்டும் என்று ஊரே சேர்ந்து உன்னை ஊட்டி வளர்த்தது. ஒரு விரதகாரனை இப்படிக் கவனித்ததை நான் வேறெங்கும் காணவில்லை.

குளிசையை நீ விடாததால் மிஸியின் மிசினில் சீனி நல்லாயிருந்தது. பிரஷர் நல்லாயிருந்தது. “உங்களைப் பாத்துத்தான் மற்றவை விரதம் பிடிக்கவேணும்,” என்று அவ உன்னைப் பாராட்டினா. நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

சூரன் போரன்று மத்தியானம் நீ வில்வமரத்தடியில் இருந்தாய். முகம் வெளிறி இருந்தது.

“கால் ரண்டும் பாரமாக் கிடக்கு மச்சான். ஆரோ கல்லைக் கட்டிவிட்ட மாதிரி.”

“விரதக் களைப்படா. இண்டைக்குத் தடியை வேறை ஆரும் பிடிக்கட்டும்.”

“விசர்க் கதை கதையாதை.”

மிஸி ஓடிவந்து பார்த்தா. சீனி சரி, பிரஷர் சரி. மலர் இன்னொரு இளநீர் கொண்டுவந்தாள். நீ அதை ஒரு மூச்சில் குடித்துவிட்டு வெறுங்கோம்பையை என்னிடம் தந்தாய். எழும்பிச் சூரனின் முன்தடிக்குப் போனாய், தோளைக் கொடுத்தாய். சூரன் உயரவில்லை. நீ முழங்காலில் இருந்தாய், பிறகு அப்படியே சரிந்தாய். பறையும் மேளமும் அதற்குப் பிறகும் கொஞ்சநேரம் முழங்கிக்கொண்டுதான் இருந்தன, அடிக்கிறவர்களுக்கு என்ன தெரியும்?

கோப்பாய், இருபாலை என்று உன்னை ஏற்றிய வான் வண்டி பறந்தது. மலர் உன் தலையை மடியில் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் உன் நெஞ்சில் வயர்களை ஒட்டிவிட்டு, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். மலர் நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள். அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது, அதை என்னால் மறக்க முடியவில்லை.

“பாலும் பழமும் இளநீரும்தான் டொக்டர். சஷ்டி தொடங்கினதிலையிருந்து வேறை ஒண்டும் அவர் வாயிலை வைக்கேல்லை.”

டொக்டர் அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு உன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தபின் அவர் என்னைத் தனியே வெளியே கூப்பிட்டார். வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் என்று ஒரு உப்பு நிறைய இருக்கிறதாம். எங்களுக்கு அது நல்லது. மிஞ்சினால் மூத்திரத்தோடு போய்விடும். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது. அது இரத்தத்தில் சேர்ந்து, கை காலைச் சோரவைத்து, கடைசியில் இருதயத்தை நிறுத்திவிடும். கிளினிக்கில் கவனம் என்று சொன்னது இதற்காகத்தான். சீனி பார்க்கும் மிசின் இதைக் காட்டாது. உப்பில்லாமல் ஆறு நாள் கிடந்த உன்னை ஒரு உப்புக் கொண்டுபோயிருக்கிறது, மச்சான். சிரிப்பு வருகிறதா? நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

“அவவுக்கு இப்ப சொல்லாதேங்கோ, தாங்கமாட்டா,” என்றார் டொக்டர். “ஆனால் உங்கடை ஊருக்குச் சொல்லுங்கோ. இன்னொருத்தர் இப்பிடி வரக்கூடாது.”

இரண்டையும் ஒருவனே எப்படிச் செய்வது என்று அவர் சொல்லித் தரவில்லை.

ஊர் உன் சாவைக் கொண்டாடியது. சூரன் போரன்று, காப்புக் கையோடு, கோவில் வீதியில் உயிர் போவதென்றால் லேசா? “புண்ணியவான்” என்று வாய்க்கு வாய் சொன்னார்கள். உன் செத்தவீட்டுக்கு வந்த சனத்தைக் கண்டு எனக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது. விளைவு என்ன தெரியுமா? இந்த வருடம் வருத்தக்காரர் முன்னெப்போதையும்விட அதிகமாகக் காப்புக் கட்டியிருக்கிறார்கள். எல்லோருடைய வாயிலும் உன் பெயர்தான்.

சஷ்டிக்கு முன் சபை கூடியபோது நான் எழும்பினேன். கூட்டத்தில் வாய் திறக்காதவன் எழும்பியதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “சிறுநீரக வருத்தம் உள்ளவை பழத்தையும் இளநீரையும் தொடக்கூடாது எண்டு இந்தமுறை அறிவிக்கவேணும், அது அவையளுக்கு நஞ்சு,” என்றேன். அந்த நஞ்சு என்ற சொல்லை நான் தவிர்த்திருக்க வேண்டும். பெண்கள் பக்கத்திலிருந்து மலர் எழும்பினாள்.

“அப்ப, அண்ணை... நான் வெட்டிக் குடுத்த இளநீராலையோ அவர் போனவர்?”

அவளுடைய கைகளைத்தான் நான் பார்த்தேன். ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. நீ என்றால் என்ன சொல்லியிருப்பாய், மச்சான்? என்னால் முடியவில்லை.

“சீச்சீ, இல்லைப் பிள்ளை. அவனுக்கு இருதயத்திலை கோளாறு. டொக்டர் என்னட்டைச் சொன்னவர். உது நான் எங்கேயோ கேள்விப்பட்ட கதை.”

“கேள்விப்பட்ட கதையெண்டால் விடுவம்,” என்றார் தலைவர். “பழையபடி பால், பழம், இளநீர் எண்டே அறிவிப்பம்.”

எழும்பிய நான் திரும்பவும் கீழே இருந்துவிட்டேன். ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஒரு மண்டபத்தைக் கைவிட்டேன் என்று நீ சொன்னால் மறுக்கமாட்டேன். அன்று பின்னேரம் மிஸியின் வீட்டுக்குப் போய் அவவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவவுக்கு உடனே விளங்கியது. தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதா. “அந்த மனுசன்ரை சிறுநீரகத்தை நான் ஒருக்கா எண்டாலும் விசாரிக்கேல்லையே,” என்று திரும்பத் திரும்பச் சொன்னா. இந்த வருடம் அவ கோவிலுக்கு வரவில்லை. அவ வந்து ஆட்களைத் தனித்தனியே மறிப்பா என்று நான் நம்பியிருந்தேன். இப்போது பிரஷர் பார்க்கவும் ஆளில்லை.

மிச்சம் இருந்தது உன் பெரியண்ணை. உனக்கு வந்த அதே பழுது அவருக்கும் வந்துவிட்டது, உன்னைவிட மோசமாக. இரத்தம் சுத்திகரிக்க வரச்சொல்லியிருக்கிறார்கள். உன் இடம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்று இந்தமுறை காப்புக் கட்டியிருப்பவர் அவர்தான். உன் தூணடியில் பாய் விரித்திருப்பவரும் அவர்தான், இதை நான் முதலில் சொல்ல விரும்பவில்லை. கட்டுவதற்கு முன்பே அவரைத் தோட்டத்தில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். வாழைக்குத் தண்ணி பாய்ச்சிக்கொண்டே கேட்டார்.

“விளங்குது தம்பி. நீர் பொய் சொல்லுறீர் எண்டு நான் சொல்லேல்லை.”

“அப்ப கட்டாதேங்கோ அண்ணை. இல்லாட்டி இளநீரையும் பழத்தையும் எண்டாலும் விடுங்கோ.”

“அதையும் விட்டால் விரதத்திலை வேறை என்னத்தைத் தின்னுறது?” மண்வெட்டியை ஊன்றி நின்றார். “கிழமைக்குக் கிழமை கட்டிலிலை கிடந்து, பிள்ளையளுக்குப் பாரமாகிப் போறது ஒரு வழி. என்ரை தம்பி போனது இன்னொரு வழி. நீர் எதைத் தெரிஞ்செடுப்பீர்?”

அவர் வாய்க்காலை மறித்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார்.

மலருக்கு இதெல்லாம் தெரியாது. அவள் தினமும் மத்தியானம் கிணற்றடி மரத்து இளநீரை வெட்டி வைத்துக்கொண்டு என் லாண்ட்மாஸ்டருக்காக வீட்டு வாசல் படலையில் நிற்கிறாள். “பெரியத்தானிட்டைக் குடுத்துவிடுங்கோ அண்ணை, பாவம், காய்ஞ்சுபோய்க் கிடப்பார்.” நான் வாங்கிக்கொண்டு போகிறேன். சந்தி திரும்பியதும் வண்டியை நிறுத்தி, வேலியோரத்தில் ஊற்றிவிடுகிறேன். திரும்பி வரும்போது உன் பெரியண்ணை குடித்ததாகச் சொல்லுகிறேன். இதனால் அவர் பிழைப்பார் என்று நான் நினைக்கவில்லை. மண்டபத்தில் அவரைச் சுற்றிப் பழமும் இளநீரும் குவிந்து கிடக்கின்றன. இன்று பார்த்தபோது ஒரு தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினார். கால் பாரமாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நாளை சூரன் போர்.

இன்று கோவிலிலிருந்து திரும்பி வரும்போதும் மலர் படலையில் நின்றாள்.

“குடிச்சவரே அண்ணை?”

“குடிச்சவர் பிள்ளை.”

அவள் முகம் தெளிந்தது. படலையில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வீதியைப் பார்த்துச் சொன்னாள்.

“அவர் கடைசியாக் குடிச்சதும் எங்கடை மரத்து இளநீர்தானே? என்ரை கையாலை வெட்டினது. அது ஒண்டுதான் அண்ணை எனக்கு ஆறுதல்.”

“ஓம் பிள்ளை,” என்றேன். வேறு என்ன சொல்ல, மச்சான்? அந்த ஓமைச் சாகும்வரை நான்தான் வைத்திருக்க வேண்டும்.