சயாமாவின் பின்பெஞ்சு அப்பாக்கள்

சயாமா,

மழை விட்டிருக்கிறது, தெருவில் முழங்கால் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்களா என்று கதவைத் திறந்தேன். வாசலோரம் உங்கள் ரப்பர் பூட்ஸ் வாய் பிளந்து நிற்கிறது. ஊரே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடக்கும்போது, நீங்கள் ஒருவர்தான் இதை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிப்போக வீடுவீடாக வருவீர்கள். நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் வீட்டைக் காலி செய்தபோது பெஞ்சு, கரும்பலகையோடு இதுவும் எங்களிடம் வந்துவிட்டது. எனக்குக் கால் நுழையவில்லை. நுழைத்துப் பார்த்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

உக்ரைனில் பிறந்தவர் நீங்கள். அங்கே படிக்கப் போன பர்மிய எஞ்சினியரைக் கட்டிக்கொண்டு ரங்கூன் வந்தீர்கள். அவர் இறந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் போனால் ஜன்னல் அதிரும் மூன்றாம் மாடியில் பள்ளிக்கூடம் வைத்தீர்கள். பர்மியர் டீச்சரை அழைப்பதுபோல நாங்களும் சயாமா என்றோம். குழாயடிச் சண்டையானாலும் கோயில் சண்டையானாலும் கடைசியில் உங்கள் மாடிதான் பஞ்சாயத்து.

பெண்பிள்ளையைச் சேர்க்க வேண்டுமானால் அப்பனும் ஞாயிறுதோறும் பின்பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது உங்கள் சட்டம். என் மகள் மீனாவைக் கொண்டுவந்த அன்று நான் வாசலைத் தாண்டவில்லை.

"எனக்கு எதுக்கு சயாமா? எட்டாங்கிளாஸோட நின்னவன். பேட்டரிக்குத் தண்ணி ஊத்திப் பிழைக்கிறேன்."

பிள்ளைகளிடம் பொறுக்கிய தமிழில், பர்மியர் அண்ணனைச் சொல்லும் 'கோ' சேர்த்துப் பதில் வந்தது. "கோ செல்வம், பொண்ணு இங்க படிக்கும். நீ வீட்டுல உக்காந்து பயப்படும். அது வேணாம். இங்க வந்து பயப்படு."

உட்கார்ந்தேன். பக்கத்தில் டீக்கடைக் காதர். நாலில் மூன்று பெரிதா, எட்டில் ஆறு பெரிதா என்று நீங்கள் கேட்டீர்கள். காதரை முந்திக்கொண்டு, "எட்டுதான் பெரிசு" என்றேன். முன்வரிசையில் மீனா தலையைக் குனிந்துகொண்டாள். நீங்கள் சிரிக்காமல் ஒரு ரொட்டியை எடுத்து வெட்டிக் காட்டினீர்கள். எனக்கு விளங்குவதற்குள் காதர் அதைத் தின்று முடித்திருந்தார்.

உங்கள் ஊரில் குண்டு விழுந்த செய்தி வந்த காலை, வகுப்பு இருக்காது, ஆறுதலாவது சொல்வோம் என்று வந்தோம். நீங்கள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தீர்கள்.

"அங்க உங்க அக்கா என்ன ஆனாங்க சயாமா?" என்றார் காதர்.

"தெரியல. அங்க கரண்டு இல்ல. இங்கயும் கரண்டு இல்ல. உக்காரு."

அன்று எழுதிய வரியெல்லாம் பலகையில் கீழே சரிந்துகொண்டே போனது.

நீங்கள் போன பிறகு மீனா அந்தப் பெஞ்சுகளை எங்கள் கூடத்தில் போட்டுப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். அவள் வயதுப் பிள்ளைகளை ஆளாளுக்குத் தாய்லாந்து, மலேசியா என்று அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இவளோ வீட்டில் கூட்டம் சேர்க்கிறாள். ராணுவ ஆட்சியில் நாலு பேர் கூடினாலே யார், எதற்கு என்று கேள்வி வருகிற காலம். படியில் காலடி கேட்டால் போய்த் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறேன். அவளைக் கூட்டிப்போய்விட்டால்?

"கொஞ்ச நாளைக்கு மூடிடு தாயி," என்றேன்.

"நீங்களே போய்ப் பிள்ளைங்ககிட்ட சொல்லுங்கப்பா."

சொல்லத்தான் போனேன். ஒரு பொடிசு நகர்ந்து இடம் விட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

போன ஞாயிறு வார்டு ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். பெஞ்சுகளைப் பார்த்தார். "இங்க யாரு பள்ளிக்கூடம் நடத்துறது?" என்று பர்மியத்தில் கேட்டார். மீனா எழப் போனாள். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"நான்தான்."

என் லுங்கியைப் பார்த்தார், கையிலிருந்த கிரீஸைப் பார்த்தார். "நீங்களா?"

"நானேதான்."

பெயரை எழுதிக்கொண்டு போனார். மறுபடி வருவாரா, தெரியாது. அன்று முதல் மீனா சாயங்காலங்களில் எனக்குத் தனியாகப் பாடம் எடுக்கிறாள். "கேட்டா ஹெட்மாஸ்டர் முழிக்கக் கூடாது, பாருங்க," என்கிறாள். திட்டவும் செய்கிறாள். உங்களைவிடக் கண்டிப்பு.

பள்ளிக்கூடம் இப்போது என் பேரில் இருக்கிறது சயாமா. பேட்டரிக் கடைக்குள் நின்றாலும் மனம் வீட்டுப் படியிலேயே கிடக்கிறது. இதோ, யாரோ ஏறி வருகிறார்கள். பிள்ளைகளாகத்தான் இருக்கும். மீனா எழுந்திருக்கிறாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு நானே போய்த் திறக்கிறேன்.