தங்கராசு அண்ணன் டாக்டரைக் கேட்டார்

ஆடி 14, புதன்

இன்று ஜெயித்துவிட்டோம். சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் தங்கராசு அண்ணன், மூன்று நாளுக்கு முன் வேண்டுமென்றே மாத்திரைகளை விழுங்கிவிட்டு, எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நினைவில்லாமல் கொண்டுவரப்பட்டார். உயிரைக் காப்பாற்றிவிட்டோம். ஆனால் கண் விழித்த பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை.

காலையில் அவர் மனைவி அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப நின்றார். "மனநல டாக்டரெல்லாம் வேணாம் சிஸ்டர். வெளிய தெரிஞ்சா எம் மகள யாரு பொண்ணு கேட்டு வருவா?"

"இப்படியே போனா திரும்பவும் அதே நெனப்பு வரலாம்க்கா. ஒரு தடவ பேசட்டும்" என்றேன். அவர் மசியவில்லை.

கட்டிலோரம் நின்ற மகள்தான் வாயைத் திறந்தாள். "கல்யாணம் எப்ப வேணா நடக்கட்டும்மா. எனக்கு எங்கப்பா வேணும்."

அண்ணன் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "அந்த டாக்டர் எங்க இருக்காரு தாயி?" என்று என்னிடம் கேட்டார். ஓடிப்போய் அழைத்து வந்தேன். திரையை இழுத்துவிட்டு இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். நடுவில் அண்ணன் அழுவது கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் அவர் மனைவியே என்னைத் தேடி வந்தார். "அடுத்து எப்ப டாக்டரப் பாக்கணும் சிஸ்டர்?"

திங்கட்கிழமை என்றேன்.

"சரி. மூணு பேருமே வாரோம்."