நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

ஏங்க,

இயற்கையையே அடக்கி ஆளப் பிறந்த ஒரே மனிதர் நீங்கள்தான். நம் தெருமுனை மட்டும் நேற்று மழையில் அடங்க மறுத்துவிட்டது.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சாயங்காலம் என் அண்ணன் வண்டியைப் பார்க்க வருகிறார். அவரிடம் போனில் என்ன சொன்னீர்கள்? "உங்க தங்கச்சி கத்தினதாலதான் வண்டி சறுக்கிடுச்சு மச்சான்!" நான் கத்தியதே சுவரில் இடித்த பிறகுதான். அதுவரை வாய் ஓயாமல் பேசியது நீங்கள். "நாலு சக்கரமும் இழுக்கும்டி, மழையாவது மண்ணாவது" என்றபடி வளைவில் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தீர்கள். வண்டியின் பின்பக்கம் தனியாகக் கிளம்பிப்போய் எதிர்வீட்டுச் சுவரில் முட்டியது.

நாலு சக்கரமும் இழுத்தால் சேற்றிலிருந்து சுலபமாகக் கிளம்பலாம், அவ்வளவுதான். வளைவில் பிடித்துக்கொள்வது டயர். உங்கள் பெருமை இல்லை. நீங்கள் கேலி செய்யும் என் குட்டி வண்டியை முன்சக்கரம்தான் இழுக்கிறது. வேகம் கூடினால் அதன் மூக்கு திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். மெல்லக் காலை எடுத்தால் சொன்ன பேச்சு கேட்கும். அந்தக் குணம் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

அண்ணனிடம் உண்மையை நீங்களே சொல்லிவிடுங்கள். நான் வந்து சொன்னால் நடித்தும் காட்டுவேன்.

வீட்டுச் சாவி ஜன்னலோரம். நல்ல குடையை எடுத்துக்கொண்டேன்.

ஓரத்தில் நுணுக்கி எழுதுகிறேன்: வண்டியை விற்றவர் போன் பண்ணினார். நாலு சக்கரமும் இழுப்பது வேறு மாடலாம். நம்முடையதில் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்குமாம்.