கொடி வரைந்த கொட்டாங்கச்சி

அன்பில் எனக்கு ஒரு குறையும் வைக்காத, ஆனால் என் பொறாமையை ஒரு நாளும் ஓய விடாத மாப்பிள்ளை சின்னப்பனுக்கு,

மார்கழிப் பனியில் உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு வந்தோம். இப்போது மாசி கடைசி. நம் தெருவில் தக்காளி பூ எடுத்துவிட்டது. கத்தரி தழைத்து நிற்கிறது. உங்கள் தங்கமான மனைவி, என் தங்கை லூர்து, நேற்றுதான் முதல் தடவையாக ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டாள்.

பங்குச் சுவாமியார் கோயில் மாத இதழுக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் நீங்கள் நல்லவர் என்று எழுதியிருந்தேன். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி, முப்பது வருஷமாக நான் உங்கள்மேல் பட்ட பொறாமை. அதை உங்களிடமே சொல்லிவிடுகிறேன். ஊர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

எல்லாவற்றுக்கும் உங்கள் கைதான் காரணம். சேர்வராயன் மலையிலிருந்து பனி இறங்குகிற மார்கழியில் இங்கே விதை லேசில் முளைக்காது. மண்ணுக்குள் ஈரத்தில் கிடந்து அழுகும். முளைத்தாலும் அங்கொன்று இங்கொன்றாக வரும். அந்த மாதத்திலும் நீங்கள் விதைத்த பாத்தி மட்டும் பாய் விரித்ததுபோல் நிறைந்து வரும். சின்னப்பனுக்குக் கைராசி என்றார்கள். யார் வீட்டில் நாற்றுப் பாத்தி போட்டாலும் விதை உங்கள் கையால் விழவேண்டும் என்றார்கள்.

நான் பொம்மிடியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இண்டர்மீடியட் வரை படித்தவன். மண்ணைச் சல்லடையில் சலித்தேன். என்ஜின் சாம்பலைத் தூளாக்கிக் கலந்தேன். வரிசைக்கு நூல் பிடித்து, விரற்கடைக்கு ஒரு விதை வைத்தேன். பாத்தி ஓரத்தில் தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, காலையில் எத்தனை டிகிரி என்று நோட்டில் எழுதினேன். நூறு விதைக்கு நாற்பது வந்தது. நீங்கள் கைநாட்டு. ஒரு பிடி விதையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டு, கோழிக்குத் தவிடு இறைப்பதுபோல் இறைத்துவிட்டுப் போவீர்கள். தொண்ணூறுக்குக் குறையாது.

என் வீட்டிலேயே என் கைக்கு மதிப்பில்லை. "ஏங்க, உங்க கை நோட்டு எழுதத்தான் ஆவும். சின்னப்பன் தம்பிய வரச் சொல்லுங்க" என்பாள் என் மனைவி திரேசா. நானே வந்து உங்களைக் கூப்பிடவேண்டும். அந்த நடை எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியுமா?

விதைத்து, ராகி வைக்கோலால் மூடிவிட்டு, எல்லா வீட்டிலும் சொல்வதையே எங்களிடமும் சொல்வீர்கள். "பத்தாம் நாளு நாந்தான் வந்து தொறப்பேன். அதுக்கு முந்தி யாராச்சும் மூடாக்கத் தூக்கிப் பாத்தீங்க, கண்ணு பட்டுக் கருகிப்போயிரும், ஆமா." எனக்கு மட்டும் சிரித்துக்கொண்டே கூடுதலாக ஒன்று. "மச்சான், உங்க தெர்மாமீட்டருகூட பாக்கக் கூடாதுங்க."

எனக்கும் ஒரு ஆறுதல் இருந்தது. உங்கள் சொந்தக் கொல்லையில் உள்ள பாத்தி எப்போதும் பல் விழுந்த வாய்போல் இருக்கும். "ஊருக்கெல்லாம் ராசி, சொந்த வூட்டுக்கு இல்ல" என்று ஊர் சிரிக்கும். நீங்களும் சிரிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தங்கையைப் பார்க்கிறேன் என்று உங்கள் வீட்டுக்கு வருவேனே, நான் முதலில் பார்த்தது அந்தப் பாத்தியைத்தான். வழுக்கை வழுக்கையாக இருந்தால் காப்பி இனிக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆறுதல், என்னுடைய ஒரே வெற்றி. தருமபுரி தனி மாவட்டமான வருஷம், திரேசா சொல்வதைக் கேட்காமல் நானே விதைத்தேன். நூல் பிடித்து, டிகிரி எழுதி, உங்களைக் கூப்பிடாமல். அந்த வருஷம் தொண்ணூற்றாறு முளைத்தது. அதற்குப் பிறகு பத்து நாள் நோட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தேன். உங்களிடம் காட்டியபோது, "படிச்ச கைன்னா சும்மாவாங்க மச்சான்" என்றீர்கள். அந்தச் சொல்லை எட்டு வருஷமாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த மார்கழியில் என் வீட்டையும் சேர்த்துப் பதினெட்டு வீட்டில் விதைத்தீர்கள். மூன்றாம் நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் லூர்துவோடு உட்கார்ந்திருந்தேன். "அண்ணா, அட்டாலியில இருக்கற கொட்டாங்கச்சிக்கெல்லாம் கொஞ்சம் தண்ணி தெளிச்சு வுடுங்க. எனக்கு முட்டி மடங்கல" என்றாள். அடுப்புக்கு மேலே, புகை படிந்த அந்தப் பலகையை நான் ஏறிப் பார்த்ததே இல்லை. பதினெட்டுக் கொட்டாங்கச்சிகள். ஒவ்வொன்றிலும் மண். மண் தெரியாமல் இரண்டிலை நாற்று. எழுதத் தெரியாததால் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஒரு படம் வரைந்திருந்தீர்கள். தையற்கார வீட்டுக்குக் கத்தரிக்கோல். செக்கு வீட்டுக்கு மாடு. சுவாமியார் பங்களாவுக்குச் சிலுவை. கடைசியில் இருந்ததில், தடித்த சுண்ணாம்பில், ஒரு சின்னக் கொடி. ரயிலுக்குக் காட்டுகிற கொடி.

"என்னம்மா இது?"

"அதாங்கண்ணா அவரு ராசி."

யார் வீட்டுப் பாத்தியில் விதைக்கிறீர்களோ, அன்றைக்கே அதே விதையில் கொஞ்சம் கொட்டாங்கச்சியில் போட்டு அடுப்புச் சூட்டில் வைப்பீர்களாம். வெளியே பனியில் பாதி செத்தாலும் உள்ளே இருப்பது முந்திக்கொள்ளும். பத்தாம் நாள் விடியற்காலையில் மூடாக்கைத் திறக்கும் சாக்கில், வழுக்கை இருக்கும் இடத்திலெல்லாம் விரலால் குழி போட்டு நட்டுவிட்டு வருவீர்களாம்.

"அப்ப கண்ணு படும்னு சொன்னதெல்லாம்?"

"முந்தியே பாத்துட்டா எத்தன முளைச்சுதுன்னு தெரிஞ்சிருமில்லீங்களா?"

"எதுக்கும்மா இவ்வளவு பாடு?"

"மொத வருசம் ஏதோ நல்லா வந்துச்சு. ராசிக்காரன்னு கூப்புட ஆரம்பிச்சாங்க. அடுத்த வருசம் ஒரு வூட்டுல முளைக்கல. அந்தம்மா அழுதுட்டாங்க. 'நம்பிக் கூப்புடறாங்க லூர்து, எப்படிப் பொய்யாக்கறது'ன்னாரு. அன்னைக்கு ஆரம்பிச்சது."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

லூர்து அழுதுகொண்டே சிரித்தாள். "நானும் அதத்தாங்கண்ணா சொன்னேன். 'வேணாம், மச்சான் நோட்டுல எழுதிருவாரு'ன்னுட்டாரு."

மறுபடி ஏறிப் பார்த்தேன். உங்கள் வீட்டுக்கென்று ஒரு கொட்டாங்கச்சி இல்லை. அவ்வளவு பலகையில் அதற்கு இடமில்லையா, மாப்பிள்ளை?

வீட்டுக்குப் போய்த் தெர்மாமீட்டரை எடுத்து வந்து அந்தப் பலகையில் வைத்துப் பார்த்தேன். என் புத்தி அப்படி. பாத்தியில் ஐம்பத்தெட்டு டிகிரி பாரன்ஹீட், பலகையில் எண்பத்திரண்டு. இருபது வருஷம் டிகிரி எழுதியவன் நான். அடுப்புக்கு மேலே வைத்துப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை? உங்கள் துக்க வீட்டில் நின்றுகொண்டு உங்கள் அறிவுக்குப் பொறாமைப்பட்டேன்.

ஆனால் மறுநாள் பத்தாம் நாள். பதினெட்டு வீட்டிலும் மூடாக்கு அப்படியே கிடந்தது. திறக்கவேண்டியவர் போய்விட்டார், வேறு கை பட்டால் கருகிவிடும் என்று யாரும் தொடவில்லை. முளைத்த கொஞ்சமும் வைக்கோலுக்கடியில் வெளுத்துச் சாகும். தெருவுக்கே அந்த வருஷக் காய் இல்லாமல் போகும். அதற்கும் மேலே ஒன்று. சின்னப்பனின் கடைசி விதை முளைக்கவில்லை என்று பேச்சு வரும். அந்தப் பேச்சை நான் முப்பது வருஷமாக எதிர்பார்த்தவன். வந்துவிடக்கூடாதே என்று அன்றைக்குப் பயந்தேன்.

அடுத்தவர் கொல்லைக்குள் நுழைந்து பழக்கமில்லாதவன், கொட்டாங்கச்சிகளைக் கூடையில் அடுக்கித் துண்டால் மூடிக்கொண்டு விடியற்பனியில் போனேன். செக்கு வீட்டில் ராஜம்மாளிடம் அகப்பட்டுக்கொண்டேன்.

"யாருங்க அது பாத்தியில?"

"நாந்தாம்மா."

"ஸ்டேஷன் மாமாவா? தொறக்காதீங்க மாமா. தப்பா நெனைக்காதீங்க, உங்க கை வந்து..." அதுவே போதும்.

"மாப்பிள்ள சொல்லிட்டுப் போனாரும்மா. தன்னால வர முடியலன்னா என்னைத் தொறக்கச் சொன்னாரு." 'வண்டி இதோ வந்துவிடும்' என்று சொல்கிற வேலையை விட்ட பிறகு நான் சொன்ன முதல் பொய்.

ராஜம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "அவுரே சொன்னாருன்னா சரிங்க. ஆனா கண்ண மூடிக்கிட்டுத் தொறங்க. நானும் திரும்பிக்கறேன்." என் கண் அவ்வளவு பொல்லாதது என்று ஊருக்கு எப்போது தெரிந்ததோ. அவள் திரும்பிக்கொண்டது நல்லதாயிற்று. முழங்காலிட்டு உட்கார்ந்து, மாடு வரைந்த கொட்டாங்கச்சியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நட்டேன். விரல் மரத்துப்போனது. எழுந்திருக்க வேலியைப் பிடிக்கவேண்டியிருந்தது. பதினெட்டு வீடும் முடிய மூன்று விடியல் ஆயின.

நிறைந்து வந்தது, மாப்பிள்ளை. இரண்டு வாரம் கழித்து ராஜம்மாள் வழி மறித்தாள். "பாத்தீங்களா மாமா, மனுசன் போயும் கைராசி போவல." "ஆமாம்மா" என்றேன். என் முழங்கால் வலி இன்னும் நிற்கவில்லை. மண்ணுக்குள் இருப்பவருக்குத்தான் அந்தப் பெயரும். செத்தவர்மேல் பொறாமைப்படுகிறவன் உலகத்தில் நான் ஒருவன்தானா?

நட்டு முடித்த அன்றைக்கு வேட்டியைத் துவைக்கப் போட்டேன். திரேசா, "ஏங்க, முட்டியில இத்தன மண்ணு? எங்கயாச்சும் வுழுந்துட்டீங்களா?" என்றாள். அதே கேள்வியை நானும் யாரிடமோ கேட்டிருக்கிறேன் என்று நினைவு வந்தது. பழைய நோட்டை எடுத்தேன். என் வெற்றி வருஷத்து நோட்டு. ஒன்பதாம் நாள்: முளைத்தது முப்பத்தொன்பது. பத்தாம் நாள் காலை: "மாப்பிள்ளை வந்தார். மோர் சாப்பிட்டார். வேட்டியில் முழங்காலிடத்தில் ஈரமண். கேட்டதற்கு வரப்பில் வழுக்கியதாகச் சொன்னார்." அதற்குக் கீழே, அதே நாள் மாலை: தொண்ணூற்றாறு.

என் கையெழுத்துத்தான். தெளிவாக எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு எட்டு வருஷம் வாசிக்காமல் இருந்திருக்கிறேன். அந்தக் கொடி வரைந்த கொட்டாங்கச்சியில் சுண்ணாம்பு ஏன் அத்தனை தடிப்பாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. வருஷா வருஷம் அதே இடத்தில் வரைந்திருக்கிறீர்கள். உங்களைக் கூப்பிடாத வருஷமும். என் ஒரே வெற்றியையும் எடுத்துக்கொண்டீர்களே என்று கோபம் வந்தது. கொடுத்தது நீங்கள்தானே என்பது கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. எனக்கு எதுவும் தாமதமாகத்தான் வரும்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லலாமா? அங்கேதான் எழுதுவதை நிறுத்தி யோசிக்கிறேன். சின்னப்பனிடம் ராசி இல்லை, உழைப்புத்தான் இருந்தது என்று சொன்னால், அது உங்களை உயர்த்துவதா, உங்களிடமிருந்து ராசியைப் பிடுங்குவதா? நான் ஆசைப்படுவது எதற்கு? லூர்துவிடம் கேட்டேன். "சொல்லிருங்கண்ணா. கை கைன்னு சொல்லிச் சொல்லி, அவரு முட்டி தேஞ்சத யாரும் பாக்கல" என்றாள். ராசி, உழைப்பு இரண்டும் இருக்கட்டும். என் எண்ணத்தில் கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டே சொல்கிறேன். வாசிக்கிறவர்களே, அடுப்பு உங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள். அவர் செய்தது அதுதான்.

மாப்பிள்ளை, வருகிற மார்கழியில் நான் விதைப்பேன், கூப்பிடுகிற வீட்டில் மட்டும். பத்தாம் நாள் வெயில் ஏறிய பிறகு, எல்லாரும் பார்க்க, கூடையைத் திறந்தே எடுத்துப் போவேன். அதற்கு முன்னால் பலகையின் முதல் கொட்டாங்கச்சியை உங்கள் கொல்லைக்கென்று வைப்பேன். அந்தப் பாத்தி இனி வழுக்கையாக இருக்காது. அதில் என்ன வரைவது என்று பல நாள் யோசித்தேன். எனக்குப் படம் வராது. உங்கள் பெயரையே எழுதிவிடுகிறேன்.

உங்களைவிட ஒன்றிரண்டு கூடுதலாக முளைத்துவிட்டால், கோபித்துக்கொள்ளாதீர்கள். நோட்டில் எழுதி வைப்பேன்.

இப்படிக்கு,
லூர்துவின் அண்ணன்,
உங்கள் ஸ்டேஷன் மச்சான்.