கதையில் வந்த மூத்த மகன்

தோழரே,

இன்று காலை நம் எழுத்தாளர் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பைத் தேடி எடுத்தேன். ஒரு பெண் எழுதிய கவிதைக்காக அவள் வேலை பார்க்கும் கடையில் போய் மிரட்டியிருக்கிறார்கள். கண்டன அறிக்கை அனுப்ப வேண்டும். மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் ஊதா மையின் வாசனை எழும்பியது. உங்கள் காக்கிச் சட்டையின் வாசனை அது. கண்டக்டர் வேலை முடிந்த கையோடு கூட்டத்துக்கு வந்து, ஸ்டாம்பைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பீர்கள்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு தெருநாடகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று நான்கு பேர் கூடி ஆரம்பித்த சங்கம். நான் சேர்ந்தபோது நீங்கள்தான் செயலாளர். யார் எழுத்துக்குத் தொந்தரவு வந்தாலும் முதலில் போய் நிற்க வேண்டும் என்பீர்கள். "நல்லா இல்லன்னா அப்புறம் திட்டிக்கலாம்." திட்டவும் செய்வீர்கள்.

ஒருநாள் டீக்கடையில் உங்கள் வீட்டுக் கதையைச் சொன்னீர்கள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய வீடு. பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு அறையை வாடகைக்கு விடுவதற்காக, படுத்த படுக்கையாய் இருந்த அப்பாவை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றிய கதை. "மாத்திட்டோம்" என்று மட்டும் சொன்னீர்கள்.

அதை நான் கதையாக எழுதினேன். மூத்த மகன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் கிடத்துவதாக. உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பீர்களோ என்ற பயம்தான்.

கதை பத்திரிகையில் வந்ததும், ஊரைக் கேவலப்படுத்திவிட்டதாக என் வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. உங்கள் தம்பியும் அதில் இருந்தார். வேங்கிக்காலில் ஓர் அதிகாரியின் அறையில் பேச்சுவார்த்தை வைத்தார்கள். கதையைத் திரும்பப் பெறுகிறேன், மன்னியுங்கள் என்று டைப் செய்த தாளை என் முன்னால் வைத்தார்கள். பக்கத்தில் என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். நான் பேனாவைத் திறந்துவிட்டேன்.

நீங்கள் அந்தத் தாளின் மேல் கையை வைத்தீர்கள். "கதை பிடிக்கலன்னா பதிலுக்கு நீங்களும் எழுதுங்க. எங்க சங்கமே அச்சு போட்டுத் தரும். இதுல மட்டும் அவரு கையெழுத்துப் போட மாட்டாரு" என்றீர்கள்.

கூட்டத்தில் ஒருவர், "அந்த மூத்த மகனே நீதானப்பா" என்றார். அறையே உங்களைப் பார்த்தது. உங்கள் தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"இருக்கட்டும்" என்றீர்கள்.

எந்த வீட்டின் மானத்துக்காக வந்தார்களோ, அந்த வீட்டுக்காரரே எதிரில் நின்றுவிட்டார். ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

திரும்பும்போது ஒரே பஸ்ஸில் வந்தோம். இறங்கும் முன், "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், தோழர்" என்றீர்கள். கூனிக்குறுகிப்போய், கதையை மாற்றிவிடட்டுமா என்றேன். "ஒரு எழுத்தையும் தொடாதீங்க. மிரட்டுனா மாத்துவாங்கன்னு ஆயிடும்" என்றீர்கள். அடுத்த கூட்டத்தில் எதுவும் நடக்காததுபோல, கதையின் கடைசியில் அழுகை ஜாஸ்தி என்று எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

நீங்கள் இறந்து, காரியம் முடிந்த அன்று உங்கள் தம்பி என்னைத் தனியே அழைத்தார். அந்தப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு உங்களோடு பேசாமலே இருந்தவர்.

"அப்பாவைக் கொட்டாய்க்கு மாத்தினது நான்தாங்க. அண்ணன் அப்ப வேலூர் டெப்போவுல இருந்தாரு. சேதி தெரிஞ்சு வந்து, அப்பாவைத் தூக்கினு வந்து வீட்டுக்குள்ள படுக்க வச்சவரு அவரு. என் பேரு வெளிய வந்துடும்னுதான் அண்ணன் அன்னிக்கு வாயத் திறக்கல" என்றார். அடுத்த முறை அச்சுப் போடும்போது அதை மாற்றிவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

பல நாள் யோசித்தேன். நீங்கள் தொடாதே என்று சொன்ன கதையைத் தொட எனக்குக் கை வரவில்லை. அது அப்படியேதான் இருக்கும். அதைப் படித்தவர்கள் இந்தக் கடிதத்தையும் படிக்கட்டும் என்றுதான் சங்கத்தின் மலரில் இதைக் கொடுக்கிறேன். நம் ஊரில் எல்லோருக்கும் தெரியட்டும், தோழரே: உங்கள் அப்பாவை வீட்டுக்குள் தூக்கி வந்தவர் நீங்கள்.