மேற்கு வேலியோரத்து எட்டுச் செடிகள்

அக்டோபர் 23, வியாழன்
சமையலறை மேசையிலிருந்து

அன்பு மகள் வில்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். எல்லாக் கடிதத்திலும் வரும் வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே, இந்த முறை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். நீயும் போர்த்தோவில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். இருமல் விட்டதா? கல் தரை போட்ட வீட்டில் வெறுங்காலோடு நடக்காதே என்றால் சிரிப்பாய், ஆனாலும் சொல்கிறேன். இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் நம் கறுப்பு ரொட்டியும் பார்சலில் வருகின்றன. காலுறையில் ஒன்று சற்றுப் பெரிதாகிவிட்டது, வானொலி கேட்டுக்கொண்டே பின்னினேன்.

உன் கடிதம் பன்னிரண்டு நாளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. கிறிஸ்துமஸோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன், அப்பாவை இப்படி விட்டுவிட்டு இங்கே கட்டடங்களின் படம் வரைந்துகொண்டிருக்க மனம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். உடனே போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிப்போய்விட்டது, உனக்கும் அதை நம்பாமல் இருந்து பழகிப்போய்விட்டது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு முடிவு செய்.

ஜனவரியில் காகித ஆலையை மூடியதிலிருந்து அப்பா எப்படி இருந்தார் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். ஜன்னலோர நாற்காலி, ஆறிப்போன காபி, அவ்வளவுதான். வசந்தத்தில் படகைத் தண்ணீரில் இறக்கவில்லை. கடமான் வேட்டைக்காரர்கள் செப்டம்பரில் கூப்பிட்டபோது போன் அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவரிடம் வாங்கிய நாளை இரண்டு முறை வேண்டாமென்று சொல்லிவிட்டார். எதைக் கேட்டாலும் 'போனா போகட்டும்' என்பார். கோபமே கிடையாது. என்னிடம் அவ்வளவு மரியாதை, தட்டை வைத்தால் நன்றி, வழியில் நின்றால் மன்னிப்பு. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதர் விருந்தாளி மாதிரி ஆகிவிட்டால் வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை, வில்யா. நூலகத்தில் புத்தகங்களை அடுக்கும்போதெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன், எத்தனையோ புத்தகங்களைத் தப்பான தட்டில் வைத்திருப்பேன்.

ஆகஸ்டில் நகராட்சியிலிருந்து ஒரு தாள் வந்தது. பழைய கழிவுநீர்க் குழாயை மாற்றப்போகிறார்கள், அக்டோபர் இருபதாம் தேதி திங்கட்கிழமை நம் மேற்கு வேலியோரமாகத் தோண்டுவார்கள், அங்கே இருப்பது எதுவானாலும் போய்விடும். அங்கே என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும். கரண்ட் பழச்செடிகளில் கறுப்பு மூன்று, சிவப்பு நான்கு, கடைசியில் அந்த முள் கூஸ்பெரி. நீ பிறந்த இலையுதிர் காலத்தில் அப்பா நட்டவை. கூஸ்பெரி முள் கிழித்த தழும்பு இன்னும் உன் முழங்கையில் இருக்கும். தாளை அப்பா முன்னால் வைத்தேன். படித்தார், நான்காக மடித்துக் காபிப் பாத்திரத்துக்கு அடியில் வைத்தார், போனா போகட்டும் என்றார்.

வேறு எதற்கும் வராத பிடிவாதம் அதற்கு எனக்கு வந்தது. மற்ற வருஷமாக இருந்தால் தெருவுக்கே சொல்லி, எல்லோரும் மண்வெட்டியோடு வந்து, பட்டாணி சூப் குடித்துவிட்டு ஒரே மதியத்தில் முடித்திருப்பார்கள். அப்பா யாரையும் பார்க்க விரும்பவில்லை என்பதால் ஒருவரிடமும் சொல்லவில்லை. இலை உதிர்வதற்குக் காத்திருந்தேன். இரண்டு உறைபனி விழுந்து செடிகள் வெறும் குச்சியானதும், போன சனிக்கிழமை காலையில் தனியாக இறங்கினேன். முதலில் கிளைகளைக் குறைத்தால் தூக்க லேசாக இருக்கும் என்று நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன். கருத்துப்போன பழைய கிளைகளை அடியோடு வெட்டு, இந்த வருஷம் வந்த வெளிறிய இளங்கிளைகளை விட்டுவிடு. சுலபமாக இருந்தது. முதல் மூன்று செடியை அப்படி வெட்டினேன், கை பழகிவிட்டது, அடுத்த நான்கையும் அப்படியே வெட்டினேன். பக்கத்து வீட்டு ரைலி அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, நான் குவித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, 'என்ன மரிக்கா, வர்ற குளிருக்கு வீட்ல விறகு பத்தலையா?' என்றாள். சொல்லிவிட்டு அவளே கையுறை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள், அவளைக் கூப்பிட வேண்டியதில்லை, போகச் சொல்லவும் முடியாது.

இரண்டு பேருமாக ஏழு செடியைக் கிளப்பித் தார்ப்பாயில் போட்டோம். கூஸ்பெரிதான் அசையவில்லை. கயிறு போட்டு முள்ளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டு, சுற்றிலும் தோண்டினேன், தடித்த வேர் ஒன்று வேலிக்காலுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டிருந்தது. மழையும் பனியும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று ரைலியிடம் கேட்காதே, அவள் கூட்டித்தான் சொல்வாள். அப்போதுதான் பின்கதவுச் சத்தம் கேட்டது. அப்பா, வீட்டுச் செருப்போடு, சானா நீராவிக் குளியலுக்குப் போடும் அங்கியோடு. ஜன்னலிலிருந்து அந்தக் குவியலைப் பார்த்திருக்கிறார். நேராக அதனிடம் போனார், ஒரு கிளையை எடுத்து நகத்தால் சுரண்டி முகர்ந்தார், இன்னொன்று, இன்னொன்று. பிறகு அதை என் மூக்குக்கு அடியில் நீட்டினார். 'முகர்ந்து பாரு. வாசம் வருதா?' வரவில்லை என்றேன். 'வராது. கறுப்புன்னா பட்டையிலேயே வாசம் அடிக்கும். இது சிவப்பு. சிவப்பு பழைய கட்டையிலதான் காய்க்கும். காய்க்கிறதை எல்லாம் வெட்டிப் போட்டுட்டு வெறும் குச்சியைக் காப்பாத்தி வச்சிருக்கே. நூலகத்துல வேலை பார்க்கிறவ, அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மாட்டியா?'

உண்மைதான். அடுத்த பக்கத்தில்தான் சிவப்பு இருந்தது. பிறகு போய்ப் பார்த்தேன்.

என்னை யாராவது திட்டி நான் அப்படிச் சந்தோஷப்பட்டது கிடையாது. சிரித்தாலோ பதில் சொன்னாலோ திரும்பி உள்ளே போய்விடுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். ரைலிக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. 'கிம்மோ, ஜனவரியிலேர்ந்து கண்ணுலயே படலை, பட்டப்ப இந்தக் கோலமா?' என்றாள். அப்பா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'பேச வந்தியா, பிடிக்க வந்தியா? கயிறைப் பிடி' என்றார். கோடாலி கொண்டுவரச் சொன்னார், வேரை இரண்டே வெட்டில் விடுவித்தார், மூன்று பேருமாகத் தார்ப்பாயில் சரித்து இழுத்தோம். சானாக் குடிலின் சுவரோரம் நான் இரண்டு நாளாகத் தோண்டி வைத்திருந்த எட்டுக் குழியைப் பார்த்தார். கூரைப்பனி மொத்தமும் சரிந்து இதன் தலையில்தான் விழும் என்று அதற்கும் ஒரு திட்டு. விறகுக் கொட்டகைக்குப் பின்னால், மதிய வெயில் படும் இடத்தில் புதிதாகத் தோண்டினோம். கறுப்பை முன்பிருந்ததைவிட நான்கு விரல்கடை ஆழமாக வைக்கச் சொன்னார், மண்ணுக்குள்ளிருந்து புதுக்கிளை வருமாம். கூஸ்பெரியை இருந்த மட்டத்திலேயே வைத்தார், கட்டியிருந்த கயிற்றை அவரே அவிழ்த்தார், கை முழுக்கக் கீறல். ஆறு மணிக்கு இருட்டுவதற்குள் முடிந்தது. சூப்பை மூன்று பேரும் நின்றுகொண்டே குடித்தோம்.

நான் கதையை அழகாக்கவில்லை என்று நீ நம்ப வேண்டும், அதனால் இதையும் எழுதுகிறேன். ஞாயிறு முழுக்க அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திங்களன்று இயந்திரம் வந்து வேலியோரத்தைத் தோண்டியபோது ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், ஒரு நாள் கிடைத்தது, அதற்காவது நன்றியோடு இருப்போம் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய் காலை எழுந்தபோது படுக்கையில் அவர் இல்லை. கொட்டகைக்குப் பின்னால், இந்த முறை பூட்ஸ் போட்டுக்கொண்டு, செடியைச் சுற்றி முயல் வராமல் கம்பிவலை கட்டிக்கொண்டிருந்தார். மதியம் மருத்துவரிடம் தானே பேசினார், வருகிற நான்காம் தேதியை நாள்காட்டியில் தன் கையாலேயே எழுதினார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நாள்காட்டியில் எழுதியிருக்கிறார், அதைச் சொல்கிறேன்.

நேற்று மாலை உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தேன், உனக்குத் தான் பாரமாகிவிட்டோம் என்று நினைப்பாரோ என்ற பயம். இரண்டு முறை படித்தார். நான் பாத்திரம் கழுவி முடித்து, துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: 'படிப்பை விட வேண்டாம்னு எழுது. அடுத்த கோடையில வந்து என்ன பண்ணப் போறா, உன் கைவண்ணத்துல ஒரு கைப்பிடி தேறினா அதிகம். அதுக்கடுத்த வருஷம் நல்லா காய்க்கும். அப்ப பறிக்க ஆள் வேணும், அப்ப வரச் சொல்லு.'

நாளைக்கு உருளைக்கிழங்கா மீனா என்று கேட்டால்கூட இந்த வருஷம் முழுக்க அவரிடம் பதில் இருந்ததில்லை.

ஆகவே வில்யா, படிப்பை விட்டு வராதே. கிறிஸ்துமஸுக்கு வா, இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போ. நேரத்துக்குச் சாப்பிடு, யாரிடமாவது மனம் விட்டுப் பேசு, எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும் பழக்கத்தை எங்கள் இருவரிடமிருந்தும் நீ எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும், நல்ல மனிதர்கள் உன் அருகில் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, இதற்குப் பதிலை எனக்கு எழுதாதே, அப்பா பெயருக்கு எழுது. தபால் பெட்டி தெருமுனையில்தானே இருக்கிறது, தன் பெயருக்கு வந்ததை அவரே நடந்து போய் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா மரிக்கா